மாஸ்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன மாதம் சளிக்கு மருந்து வாங்க ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் துப்பாக்கி மாதிரி ஒன்றை என் நெற்றிக்கு நேராகப் பிடித்து, "தொண்ணூத்தி மூணு, நார்மல், உள்ள போங்க ஆன்ட்டி" என்றாள். தொண்ணூற்று மூன்று என்றால் என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். "இன்னொரு வாட்டி பாரும்மா" என்றேன். பார்த்தாள். தொண்ணூற்றாறு. "மெஷின் அப்பிடித்தான் காட்டும்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

வீட்டில் மருமகளிடம் இதைச் சொன்னபோது, "முப்பது வருஷம் இதே வேலைதானே பார்த்தீங்க, எழுதி வையுங்களேன் அத்தே" என்றாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நகரியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்ததுதான். தப்பு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் தேசம்மா. பிறந்தது நகரி, வாழ்க்கைப்பட்டது வடமாலபேட்டை. கல்யாணமான இரண்டாம் வருஷம், திருப்பதி ரேணிகுண்டா ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு தெர்மாமீட்டர் கம்பெனியில் சேர்ந்தேன். ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குச்சி, பாதரசம் போட்டது. முதல் வருஷம் கழுவுவது, அடுக்குவது. பிறகு டெஸ்டிங் ரூமுக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் பஸ் ஜன்னல் வழியாக மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கோவிந்தா, இன்னிக்கி என் கண்ணு தப்பாப் பார்க்கக் கூடாது" என்று வேண்டிக்கொள்வேன். வேறொன்றும் கேட்டதில்லை.

டெஸ்டிங் ரூமுக்குள் போகும் முன் தங்கம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பாதரசம் பட்டால் தங்கம் வெள்ளி மாதிரி வெளுத்துவிடும். கம்மலைக் கழற்றி டப்பாவில் போட்டுப் பூட்டுவோம். தாலிச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு வேலை நாட்களில் மஞ்சள் கயிறுதான். புதிதாக வந்த பெண்கள் கொஞ்சம் அழுவார்கள். அப்புறம் பழகிவிடும்.

அறையின் நடுவில் பெரிய கண்ணாடித் தொட்டி. அதை பாத் என்போம். உள்ளே தண்ணீர், அடியில் ஹீட்டர். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே சூடாக இருக்கும்படி ஒரு சின்ன விசிறி ஓயாமல் கலக்கிக்கொண்டிருக்கும். தொட்டி நடுவில் மாஸ்டர் தொங்கும். மாஸ்டர் என்பது முழ நீளத்துக்கு ஒரு தெர்மாமீட்டர். மற்றதெல்லாம் சரியா தப்பா என்று அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அது சரியாக நூற்றிரண்டில் நிற்கும்படி தண்ணீரை வைத்துக்கொண்டு, பித்தளைத் தாங்கியில் செருகிய ஐம்பது தெர்மாமீட்டர்களை இறக்குவேன். மூன்று நிமிஷம். வெளியே எடுத்து ஒவ்வொன்றாக லென்ஸில் பார்க்க வேண்டும். கண் பாதரசத்துக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் மேலேயோ கீழேயோ போனால் ஒரு கோடு மாறித் தெரியும். ஒரு சின்னக் கோடு கூடினாலும் குறைந்தாலும் விடலாம், அதற்கு மேல் விடக் கூடாது. பிறகு சுற்றும் மெஷினில் போட்டுப் பாதரசத்தை இறக்கிவிட்டு, அடுத்த சூட்டில் மறுபடியும். தொண்ணூற்றெட்டு, நூற்றிரண்டு, நூற்றாறு என்று மூன்று சூட்டிலும் தேறியதுதான் வெளியே போகும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாஷா சார். டெஸ்டிங்குக்கு அவர்தான் இன்சார்ஜ். ஒல்லியான மனிதர், சொந்த ஊர் சித்தூர். தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே வாக்கியத்தில் வரும். செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். நாம் தப்பாகப் படித்தால் தப்பு என்று சொல்லவே மாட்டார். "இன்னொருசாரி சூடும்மா" என்பார், இன்னொரு தடவை பார் என்று அர்த்தம். நாம் சரியாகப் படித்தாலும் சில நேரம் அதையே சொல்வார். அதனால் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியதும்.

திங்கட்கிழமை காலை முதல் வேலை மாஸ்டருக்கே பரீட்சை. சுத்தமான தண்ணீரை உறைய வைத்து, அந்த ஐஸை ஈர மணல் மாதிரி நொறுக்கி ஒரு ஃபிளாஸ்க்கில் நிரப்புவோம். மாஸ்டரின் பாதரசக் குண்டை அதில் புதைத்து வைத்தால், அடியில் ஐஸுக்கென்றே போட்டிருக்கும் கோட்டில் பாதரசம் வந்து நிற்க வேண்டும். நின்றால் அந்த வாரம் அதை நம்பலாம். பாஷா சார் அருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பள்ளிவாசலில் நிற்கிற மாதிரி நிற்பார்.

நான் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. எங்கள் அறைக்குப் பூஜை செய்வது எப்போதும் நான்தான். தொட்டியைக் காலி செய்து துடைத்து, மெஷினுக்கு மாலை போட்டு, லென்ஸ், தாங்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இரண்டு மாஸ்டரில் ஒன்றை அப்போது பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். இருந்த ஒன்றை வெல்வெட் பெட்டியோடு திறந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். குண்டில் சந்தனம் படக் கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. அதனால் மேல் நுனியில் கெட்டியாகச் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். எல்லோரும் கும்பிட்டார்கள். கற்பூரத் தட்டை மாஸ்டரின் குண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, திருநீறும் பொரியும் கொடுக்கப் போனேன். நிறைய கற்பூரம் வைத்திருந்தேன். நன்றாக எரிந்தது.

பாஷா சார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொரியை வாங்கிக்கொண்டு சாயங்காலமே சித்தூருக்குப் புறப்பட்டார். அவர் மகளுக்கு முதல் பிரசவம், ஒரு வாரம் லீவு.

வெள்ளிக்கிழமை தசரா விடுமுறை. சனிக்கிழமை வேலை ஆரம்பித்ததும் முதல் தாங்கியிலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐம்பதில் நாற்பத்தெட்டு தேறவில்லை. மாஸ்டர் நூற்றிரண்டில் நிற்க, அந்த நாற்பத்தெட்டும் மூன்று கோடு கூடுதலாகக் காட்டின. அடுத்த தாங்கியும் அப்படியே. தண்ணீரை மாற்றினேன், விசிறியைப் பார்த்தேன், கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்படியேதான். சாயங்காலத்துக்குள் தள்ளுபடித் தட்டுகள் மேஜையில் இடமில்லாமல் தரையில் வந்துவிட்டன. திங்கட்கிழமை மாஸ்டருக்குப் பரீட்சை வைக்கலாம் என்றால், ஞாயிறு முழுவதும் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் தண்ணீர். சரி, அடுத்த திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பாஷா சார் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

தள்ளியதெல்லாம் முனிரத்தினம் அண்ணன் கை பட்டவை. அவர் பக்கத்து அறையில் பாயின்ட் வைப்பவர். கோடு போடாத வெறும் குச்சிகளைச் சுடுதண்ணீரில் வைத்து, பாதரசம் எது வரை வருகிறது என்று குறிப்பார். அதை வைத்துத்தான் கோடு போடுவார்கள். அவர் குறி தப்பினால் எல்லாமே தப்பு. புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். அண்ணன் தன் தொட்டியில் தொங்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, "என்துல சரியாத்தான் சார் கீது, நீங்களே பாருங்க" என்றார். இரண்டையும் ஒரே தண்ணீரில் வைத்துப் பார்த்தோம். அவருடையது மூன்று கோடு அதிகமாகக் காட்டியது.

மேனேஜர், "மாஸ்டர் ஒண்ணு சொல்லுது, உன்னோடது ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்பட்டும்? உன்னோடது கெட்டுப்போயிருக்கு. அதைப் பார்க்காம இத்தனையையும் பாழாக்கியிருக்கே" என்றார். வியாழக்கிழமைக்குள் காரணம் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் அதற்கு மேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

அவர் நேராக என் அறைக்கு வந்தார். பத்து பேர் நடுவில் கேட்டார்.

"இன்னாம்மே, உன் கொழுந்தன் வேலை இல்லாம சுத்திக்கினு கீறானாமே? அவனுக்கு என் சீட்டு வேணுமா? அதுக்குத்தான் அள்ளி அள்ளித் தள்றியா?"

என் கொழுந்தன் வேலை தேடிக்கொண்டிருந்தது நிஜம். அதை நானே கேன்டீனில் சொல்லியிருக்கிறேன்.

"அண்ணா, நான் பார்த்ததைத்தான் எழுதினேன். என் புள்ளைங்க மேல சத்தியம்."

"புள்ளைங்கள ஏன் இழுக்கிறே? காணிப்பாக்கம் வா. குளத்துல முழுகிட்டு சாமி முன்னாடி சொல்லு. நானும் சொல்றேன். எவ பொய், எவன் பொய்னு அவரு பார்த்துக்கட்டும்."

"வரேன்" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். காணிப்பாக்கம் சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையார் கோவில். எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பாவிட்டால் அங்கே போய்க் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சாமி முன்னால் பிரமாணம் செய்வார்கள். அதற்கு மேல் ஊரில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். பொய்ப் பிரமாணம் செய்தவன் நன்றாக இருந்ததில்லை என்பார்கள். நானும் அதை நம்புகிறவள்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். நான், முனிரத்தினம் அண்ணன், நடுவில் எங்கள் வீட்டுக்காரர். பாகாலா தாண்டினதும் அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அண்ணனிடம் நீட்டினார்.

"துன்னுங்க மாமா. சண்டை போடவும் தெம்பு வேணும்ல?"

"எனக்கு வாணாம். வெறும் வயித்தோட சாமிகிட்ட நிக்கணும்."

"குளிக்கச் சொல்லித்தான் சாமி கேக்குது, பட்டினி கிடக்கச் சொல்லலையே?"

அண்ணன் இரண்டு இட்லி சாப்பிட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

சித்தூரில் பஸ் மாறும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. பாஷா சாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் அறையைப் பற்றிச் சாமியிடம் பிரமாணம் செய்வது சரியா என்று பட்டது. அவர் மகள் சேர்ந்திருந்த பிரசவ ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். போனோம். வராந்தாவில் நின்றிருந்தார். பேரன் பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் மூன்று பேரையும் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அவர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஐஸ் பெட்டாவா, தேசம்மா? மாஸ்டருக்குப் பரீட்சை வெச்சியா?"

"இல்ல சார். கரண்ட் இல்ல, ஐஸ் உறையல."

"எல்லாம் மூணு கோடு தானா? ஒண்ணுல ரெண்டு, ஒண்ணுல நாலு அப்படி இல்லியே?"

"இல்ல சார். தள்ளினது எல்லாமே மூணு."

"கற்பூரத் தட்டு எங்க வெச்சே?"

எனக்கு முதலில் புரியவில்லை. "மாஸ்டர் பக்கத்துல" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"குண்டுப் பக்கம் சார்."

"பொட்டு இன்னும் உந்தியா?"

"இருக்கு சார். பூஜையில வெச்ச பொட்டை நாமளா அழிக்கக் கூடாதில்ல? மேல் நுனிதானே, தண்ணியில முழுகாதேன்னு விட்டுட்டேன்."

அவர் முனிரத்தினம் அண்ணனைப் பார்த்து, "உன் தெர்மாமீட்டர் நல்லாத்தான் கீதுன்னு நினைக்கிறேன்" என்றார். கற்பூரச் சூட்டில் மாஸ்டருக்குள் பாதரசம் எல்லை தாண்டி ஏறி, மேல் நுனியில் இருக்கும் சின்ன அறைக்குள் போயிருக்கும். ஆறினபோது ஒரு துளி அங்கேயே தங்கிவிட்டிருக்கும். அதன் மேல்தான் என் சந்தனம். மீதி இருக்கும் பாதரசம் குறைவாகத்தான் ஏறும். மாஸ்டர் நூற்றிரண்டு காட்டும்போது தண்ணீர் நிஜத்தில் அதைவிடச் சூடாக இருந்திருக்கிறது. அண்ணனின் தெர்மாமீட்டர்கள் நிஜத்தைச் சொல்லியிருக்கின்றன. நான் அவற்றைப் பொய் என்று தள்ளியிருக்கிறேன்.

"நான் பார்த்தேன்மா" என்றார் பாஷா சார். "தட்டை நீ அங்க வெச்சப்ப பார்த்தேன். எடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க பூஜை. நான் ஒரு சாயபு, நடுவுல புகுந்து சொன்னா எல்லாரும் என்ன நினைப்பாங்களோன்னு விட்டுட்டேன்."

முனிரத்தினம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "சாமிக்குக் கற்பூரம் ஏத்துன்னா என் வயித்துல ஏத்திட்டியே தங்கச்சி!" கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. என்னைத் தங்கச்சி என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில நான் வரேன். ஐஸ்ல வெச்சுப் பார்க்கலாம்" என்றார் சார். பிறகு என்னைப் பார்த்து, "மேனேஜர் பேர் கேட்பார்" என்றார்.

காணிப்பாக்கம் போகாமல் திரும்பலாமா என்றார் எங்கள் வீட்டுக்காரர். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. சாமி பேரைச் சொல்லிக் கிளம்பிவிட்டுப் பாதியில் திரும்பக் கூடாது என்றார். போய்க் குளத்தில் முழுகினோம். ஈரத்தோடு நின்றபோது அங்கிருந்த பூசாரி, "பிரமாணம் எவரு சேஸ்தாரு?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"எவரூ லேதண்டி, யாரும் இல்ல" என்றார் அண்ணன். "அர்ச்சனை பண்ணுங்க. ரெண்டு பேர் பேருக்கும்."

நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். சித்தூரில் சார் தடுத்திருக்காவிட்டால், மனசறிந்து பொய் சொல்லாமலேயே பொய்ப் பிரமாணம் செய்திருப்பேன். இன்னொன்றும் தோன்றியது. பொட்டைத் துடைத்துவிட்டு, அந்தத் துளியைத் தட்டி இறக்கிவிட்டால் மாஸ்டர் பழையபடி ஆகிவிடும். நான் செய்தது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கும் அண்ணனுக்கும் பாஷா சாருக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் சொல்ல மாட்டார்கள். என் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். அங்கேயே நின்று, "பிள்ளையாரே, நாளைக்கு என் வாயாலே நானே சொல்லிவிடும்படி செய்" என்று கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பாஷா சார் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். ஐஸை நொறுக்கி, ஃபிளாஸ்க்கில் நிரப்பி, மாஸ்டரைப் புதைத்தேன். மேனேஜரும் வந்து நின்றார். பாதரசம் இறங்கி இறங்கி, கோட்டைத் தாண்டி, கீழே போய் நின்றது. எண்ணினேன். மூன்று கோடு.

"இன்னொருசாரி சூடு" என்றார் சார். பார்த்தேன். மூன்றுதான்.

"பொட்டை நீயே துடை" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு முந்தானையால் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே கடுகு மாதிரி ஒரு துளி பளபளவென்று நின்றது.

மேனேஜர், "இது யார் வேலை?" என்றார்.

பாஷா சார் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். கற்பூரம், சந்தனம், ஐஸ் வைக்காமல் விட்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நானும் பக்கத்துலதான் நின்னிருந்தேன் சார். பார்த்துட்டு சும்மா இருந்தேன். என் பேரையும் எழுதிக்குங்க" என்றார் பாஷா சார்.

மேனேஜர் லென்ஸை வாங்கி அந்தத் துளியைப் பார்த்தார். முனிரத்தினம் அண்ணனை அன்றைக்கே தொட்டிக்கு அனுப்பினார். தள்ளுபடித் தட்டுகளை உடைக்காமல் மறுபடி டெஸ்ட் பண்ணச் சொன்னார். பாஷா சாருக்கு ஒரு மெமோ. என்னை ஆறு மாதம் டெஸ்டிங்கிலிருந்து எடுத்துக் கழுவுகிற இடத்துக்குப் போட்டார். வேலை போகவில்லையே என்று அன்று ராத்திரி வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

அந்த ஆறு மாதம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். பாஷா சார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, "கை வலிக்குதா?" என்பார். பேரன் உட்கார ஆரம்பித்துவிட்டான், நடக்க ஆரம்பித்துவிடுவான் என்று சொல்வார். முனிரத்தினம் அண்ணன் மட்டும் என்னோடு அதிகம் பேசவில்லை. கேன்டீனில் பார்த்தால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். கொழுந்தன் பேச்சைப் பத்து பேர் நடுவில் சொல்லிவிட்டது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ, இனிமேல் அவர் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தால் தள்ள மனசு வருமா என்ற பயம். தப்பு இருந்தாலும் விட்டுவிடுவேனோ என்று தோன்றும். அப்படி விட்டால் அது எங்கோ ஒரு குழந்தையின் அக்குளில் போய்ப் பொய் சொல்லும்.

திரும்ப டெஸ்டிங்குக்கு வந்த அன்று முதல் தாங்கியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாக ஹெல்பர் பெண்தான் கொண்டுவருவாள்.

"இந்தா தங்கச்சி. பார்த்துச் சொல்லு" என்று மேஜையில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

மாஸ்டர் நூற்றிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து இறக்கினேன். மூன்று நிமிஷம். லென்ஸைக் கண்ணுக்கு நேராக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நாற்பத்தேழை வலது பக்கம் வைத்தேன். மூன்றை எடுத்து இடது பக்கம், தள்ளுபடித் தட்டில் வைத்தேன்.

அண்ணன் அந்த மூன்றையும் எடுத்தார். என் லென்ஸை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தார்.

"ஆமா" என்றார். "இது மூணும் போவாது." தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, அடுத்த தாங்கியைக் கொண்டுவரப் போனார்.